வாளி கேட்டால் இறங்கு

குதிரைக்கு வெல்லம் கொடுப்பதென்றால் உள்ளங்கையை நன்றாக விரித்துக் கொடுக்க வேண்டும். விரலை மடக்கினால் வெல்லம் எது, விரல் எது என்று அதற்குப் பிடிபடாது. உங்கள் கட்டைவிரலில் பிளாஸ்டரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், இங்கே வருவதற்கு முன் லாயத்துக்குப் போயிருக்கிறீர்கள். கறுவா கடித்திருப்பாள். அவள் கெட்ட குதிரை இல்லை, மிஸ். உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழ் தெரிந்த பொலிஸ் அதிகாரி ஒருவர் வரட்டும் என்று கேட்டேன். சிங்களத்தில் பேசும்போது நான் கொஞ்சம் வேறு ஆளாகிவிடுகிறேன். பணிவு வந்துவிடுகிறது, கேட்காமலே மன்னிப்புக் கேட்கிறேன். இன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்பதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. ஒரு தவறு நடந்திருக்கிறது, அதைத் திருத்துவதற்காகக் கூப்பிட்டேன்.

தர்மிளா செத்துப்போன அந்தச் சனிக்கிழமை அழகமுத்து மாமா வாளி தட்டவில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

தட்டியிருந்தாலும் தட்டியிருப்பேன் என்று அவரே சொல்கிறாராம். அவர் கசிப்புக் குடிக்கிற மனிதர். முதல் நாள் என்ன செய்தார் என்பதை மனைவி வெள்ளையம்மா அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். மேகமே இல்லாத காலையில் வாளிச் சத்தம் கேட்டது என்றதும் எல்லோரும் நேராக அவரிடம் போய் வாயை மோந்து பார்த்தார்கள். வேறு யாரையும் யோசிக்கவில்லை. அத்தை இப்போது தினமும் பள்ளிக்கூடத்துப் பெரிய கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். செய்யாத ஒன்றுக்காக ஒருவர் அடைபட்டுக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நியாயம் அநியாயம் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

வாளி என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையது ரப்பர்த் தோட்டம். காலையில் பால் வெட்டிச் சிரட்டையை வைத்துவிட்டு வந்தால் மரத்திலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் மழை வந்தால் சிரட்டைக்குள் தண்ணீர் இறங்கி எல்லாம் வீண். அதனால் எதிர்மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்ததும் காவல்காரர் அழகமுத்து மாமா, பலாமரத்தில் தொங்கும் பழைய தகர வாளியைத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் அம்மாமார் கிடைத்த பாலை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். தெஹியோவிட்ட மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

தோட்டத்துக்கு மேலே, முன்பு துரை இருந்த பங்களாதான் எங்கள் பள்ளிக்கூடம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். ஆங்கிலம், நீச்சல், குதிரை. நிலம் தோட்டத்துடையது என்பதால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைக் காசு வாங்காமல் சும்மா சேர்த்துக்கொண்டார்கள். நானும் தர்மிளாவும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

சும்மா படிக்கிற பிள்ளைகள் என்பதால் லாயத்து வேலை எங்களுக்கு. முதல் வருடம் முழுக்கச் சாணி அள்ளினோம், பிரஷ் போட்டோம், குளம்பு துடைத்தோம். குதிரைமேல் ஏறியது அதற்குப் பிறகுதான். அதுவும் சேணம் இல்லாமல், அங்கவடி இல்லாமல், கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கயிற்றில் வட்டமாக. கொழும்புப் பிள்ளைகள் இரண்டாம் நாளே விழுந்து அழுதுவிட்டு நீச்சலுக்கு மாறிவிடுவார்கள். நாங்கள் விழுந்தோம், எழுந்தோம், ஏறினோம். குதிரை ஏறச் சொல்லித்தந்த றிஸாத் சேர் மாவனல்லைக்காரர். வெளிநாட்டில் பெரிய பெரிய லாயங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் எங்களைப் பார்த்து ஒருநாள் சொன்னார்.

"புள்ளைகள், நீங்க ரெண்டு பேரும் ஒக்காருற மாதிரி மத்தவங்க ஒக்காருறல்ல. ஒண்ட மட்டும் நெனவு வெச்சிக்கோங்க. குதிரைக்கிட்ட கோவத்த காட்ட வேணாம். ஒங்களுக்கு மறந்துரும், அதுக்கு மறக்காது."

அதை நான் மறக்கவில்லை. கறுவாவிடம் ஒருநாளும் கோபத்தைக் காட்டியதில்லை. கறுவாப்பட்டை நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். நான்தான் வைத்தேன். பந்தயத்தில் ஓடிக் கால் நொந்து, இனி ஆகாது என்று தள்ளிவிட்ட பெட்டை. அவளை நடக்கவைத்து, ஓடவைத்து, சின்னக் கட்டைகளைத் தாண்டவைத்தது நான். பங்களா ரோட்டில் அவள்மேல் போகும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் லயத்துக் கூரை கீழே தெரியும். அம்மா பால் வாளியோடு எதிரே வந்தால் குதிரைக்கு வழிவிட்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பாள். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அது பழைய பழக்கம். அம்மா இறங்கி நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது என்று தர்மிளாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது லாயம். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்த பழைய கட்டடத்தைத்தான் லாயமாக்கியிருக்கிறார்கள். வாசலில் குதிரை தாராளமாக நுழையும். குதிரைமேல் ஆள் இருந்தால் நுழைய முடியாது. வாசலுக்கு மேலே தண்டவாளத் துண்டு ஒன்றைப் பதித்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அது சேணத்தில் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நேராக இருக்கிறது. நீங்கள் அளந்து பார்த்திருப்பீர்கள்.

அழகமுத்து மாமா வாளி தட்டினால் நாங்களும் குதிரைகளை உள்ளே கொண்டுபோய்த் தவிடு வைப்போம். வைத்து வைத்து, எங்கே நின்றாலும் வாளிச் சத்தம் கேட்டால் குதிரைகள் தாமாகவே லாயத்துக்குத் திரும்பிவிடும். மேலே ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே இங்கே குதிரை ஏறுகிறவர்களுக்கு முதல் பாடம் கடிவாளம் பிடிப்பது இல்லை. வாளி கேட்டால் இறங்கு. றிஸாத் சேர் மைதானத்தின் நடுவில் நின்று இறங்கு, பஹின்ன, டவுன் என்று மூன்று பாஷையிலும் கத்துவார். குட்டிப் பிள்ளைகள் பலாக்கொட்டை உதிர்வதுபோல் இறங்குவார்கள்.

இன்னொரு காவலும் உண்டு. வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் லாயத்து வாசலில் குறுக்கே ஒரு மூங்கில் போட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொக்கி இருக்கிறது, தூக்கி வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். குதிரை எவ்வளவு வேகமாக வந்தாலும் மூங்கிலைக் கண்டால் நின்று, அதில் மூக்கை உரசிக்கொண்டு தவிட்டுக்குக் காத்திருக்கும். மூங்கிலுக்கு ஒருவர் பொறுப்பு.

நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். றிஸாத் சேர் பள்ளிவாசலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் விளையாடுவோம். ஒருத்தி குதிரைமேல். மற்றவள் வாசலில் மூங்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். தவிட்டு வாளியை இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு தட்டுவாள். குதிரை பறந்து வரும். கடைசி நேரத்தில்தான் மூங்கிலைக் கொக்கியில் போட வேண்டும். மேலே இருப்பவள் இறங்கவும் கூடாது, கடிவாளத்தை இழுக்கவும் கூடாது. இறங்கினால் பயந்தாங்கொள்ளி. அழகமுத்து மாமாவின் வாளிச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள், கொழும்புப் பிள்ளைகள்மாதிரி அந்தச் சத்தத்துக்குப் பதறி இறங்குவது எங்களுக்குக் கேவலமாக இருந்தது. சின்னப் பிள்ளைத்தனம்தான். ஆனால் ஒருமுறைகூட மூங்கில் தவறியதில்லை. அவளும் தவறவிட்டதில்லை, நானும் தவறவிட்டதில்லை.

இனி என்னைப் பற்றி. எனக்கு ஒன்று வரும். ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர், லயத்தில் இன்னொரு பெயர். லயத்துப் பெயரை நான் சொல்லமாட்டேன். பார்த்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று கொஞ்ச நேரம் இல்லாமல் போய்விடும். சில சமயம் விழுந்துவிடுவேன். ஊரில் யாருக்காவது தெரிந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவருவார்கள், பிறகு என் தம்பிக்குக்கூடப் பெண் கொடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டைத் தவிர தர்மிளா ஒருத்திக்குத்தான் தெரியும். பத்து வயதிலேயே தெரியும். அவள் சாவியெல்லாம் கொண்டுவரமாட்டாள். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் பாவாடையால் என் வாயைத் துடைத்துவிட்டு, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். அவள் கும்பிடுகிற மாரியம்மன் முன்னால் ஒருமுறை, எங்கள் வீட்டு மாதா படத்தின் முன்னால் ஒருமுறை. ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும் என்று நான்தான் இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கினேன்.

குதிரைமேல் இருக்கும்போது எனக்கு அது வராது. அதை எனக்குத் தெரிந்தமாதிரி எந்த டாக்டருக்கும் தெரியாது. உடம்பில் ஏதோ ஒன்று கறுவாவின் நடைக்கு ஒத்துப்போய்விடும். தரையில் இருக்கும் நேரமெல்லாம் எப்போது வருமோ என்று பயந்துகொண்டிருப்பேன், சேணத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பயம் போய்விடும். நீங்கள் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

வருடத் தொடக்கத்தில் நான் கறுவாமேல் இருந்து, பக்கத்தில் சின்னக் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பங்களா ரோட்டில் போனேன். சின்னக் குதிரையில் கொழும்புப் பிள்ளை ஒன்று, ஏழு வயது இருக்கும். தர்மிளா பின்னால் வந்தாள். அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தது. அதற்கு அடுத்து எனக்கு நினைவிருப்பது, தர்மிளா என் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிள்ளை கானுக்குள் உட்கார்ந்து அழுகிறது. முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. ரோட்டின் அந்தப் பக்கம்தான் பள்ளம், இந்தப் பக்கம் வெறும் கான். பிள்ளை இந்தப் பக்கம்தானே விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது அதுதானா என்பதே எனக்குச் சந்தேகம். வெயில் தலையில் ஏறியிருக்கலாம்.

பிள்ளை தானாகத்தான் விழுந்தது என்று விடுதி மேட்ரனிடம் சொன்னோம். அன்று சாயங்காலம் தர்மிளா லாயத்துக்கு வந்தாள்.

"சேர்கிட்ட சொல்லிரு சுகந்தி."

"என்னத்த சொல்ல?"

"வெளையாடாதடி. கறுவா பள்ளத்துப் பக்கம் திரும்பினிச்சி. நான் புடிக்காட்டி அந்தப் புள்ளையும் நீயும் கீழதான் கெடந்திருப்பீங்க."

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணினேன். நீ செத்துப்போயிட்டா அந்த சத்தியத்த வச்சிக்கிட்டு நான் என்னடி செய்ய?" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "நாளைக்கு வரைக்கும் பாக்குறேன். நீயா சொன்னா நல்லது."

நான் சொல்லவில்லை. அவள் செய்யமாட்டாள் என்று நினைத்தேன். அன்று இரவுகூட நிம்மதியாகத் தூங்கினேன், அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் அவள் றிஸாத் சேரின் அறைக்குள் போனதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பேசிவிட்டு வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. நேராக என்னிடம் வந்தாள். நான்தான் திரும்பிக்கொண்டேன்.

எனக்குத் துரோகம் செய்தவள் தர்மிளா. இந்த ஒரு வரியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு நடந்தது. ஒருத்தியைப் பத்து வயதிலிருந்து நம்பினேன், என் வாயில் நுரை தள்ளுவதைப் பார்க்க அவள் ஒருத்தியை மட்டும் அனுமதித்தேன், கடைசியில் அதை அவள் ஓர் அறைக்குள் போய் இன்னொருவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். இது உங்களுக்கு நடந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். உங்களுக்கு நடந்திருக்காது.

றிஸாத் சேர் கத்தவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். "மகள், இனி நீங்க ஏற வேணாம். குதிரையத் தொடலாம், குளிப்பாட்டலாம், எல்லாம் செய்யலாம். ஏறுறது மட்டும் வேணாம்" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், மாத்திரை தந்தார்கள். விடுதியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கொழும்புப் பிள்ளைகள் என்னிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள், தூங்கும் ஆளுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

கறுவா தர்மிளாவுக்குப் போனாள். ஆவணியில் ஒரு பரீட்சை இருந்தது. பரீட்சகர் வெளியிலிருந்து வருவார், தேறினால் இங்கேயே உதவி ஆசிரியை. அந்தப் பரீட்சைக்கு இரண்டு வருடமாகக் கறுவாவைத் தயார் செய்தது நான். ஏறப்போவது அவள்.

என்னை லாயத்தைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று மேட்ரன் சொன்னாராம். வேண்டாம் என்று தடுத்தவள் தர்மிளா. மூங்கில் பொறுப்பை எனக்குக் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். "சுகந்தி வாசல்ல நின்னா எனக்குப் பயமே இல்ல சேர்" என்று என் முன்னாலேயே சொன்னாள். ஊர் பார்க்க நல்லவளாக இருப்பதில் அவளுக்கு எப்போதும் ஓர் ஆசை. காலையில் மாத்திரையும் தண்ணீரும் அவள்தான் கொண்டுவருவாள். நான் பேசமாட்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து அவள் போனதும் கானில் துப்பிவிடுவேன்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கோபத்தோடு எதையும் செய்யக் கூடாது என்பதைத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஒரு குதிரைக்கு ஒன்றைப் பழக்குவதென்றால் பொறுமை வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

சாயங்காலம் தவிடு வைப்பது என் வேலை. குதிரைகளை மேய விட்டிருக்கும்போது மூங்கிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தவிட்டு வாளியைத் தட்டுவேன். கறுவா ஓடிவருவாள். முதலில் வாசலில் வந்து நின்றுவிட்டாள். அங்கே மூங்கில் இல்லை, ஆனாலும் இருப்பதாகவே நினைத்து நின்றாள். பழக்கம் அப்படி. நான் உள்ளே போய் நின்று உள்ளங்கையில் வெல்லத்தை வைத்துக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி நுழைந்தாள். அடுத்தடுத்த நாட்களில் வெல்லத்தை இன்னும் உள்ளே, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓடிவந்து நின்றால் வெல்லம் இல்லை. நிற்காமல் நுழைந்தால் வெல்லம். புத்திசாலிப் பெட்டை, புரிந்துகொண்டாள். ஆனி முடியும்போது வாசல் இருப்பதையே கவனிக்காமல் நாலுகால் பாய்ச்சலில் உள்ளே வந்துகொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தை எடுப்பதற்கு எனக்கு ஒருமுறைகூடச் சாட்டை தேவைப்படவில்லை.

ஒருநாள் தர்மிளா அதைப் பார்த்துவிட்டாள். வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"கறுவா உன்கிட்டதான்டி சந்தோசமா ஓடிவருது. எங்கிட்ட கடமைக்கு வருது."

நான் தவிட்டைத் தொட்டியில் கொட்டினேன்.

"ஒண்ணு சொல்லட்டா? டாக்டர்கிட்ட நான் தனியா கேட்டேன். மாத்திரைய ஒழுங்கா போட்டு, கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் வராம இருந்தா திரும்ப ஏறலாமாம். சேரும் சரின்னுட்டாரு. பரீட்சை முடியட்டும், நான் கயிறு புடிச்சிக்கிட்டுக் கூட நடக்குறேன். நீ கறுவாமேல போ." சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, "இன்னும் கோவமாடி?" என்று கேட்டாள்.

கயிறு பிடித்து நடப்பாளாம். சின்னப் பிள்ளைகளுக்கு நான் பிடித்த கயிறு. அந்த வார்த்தையோடு எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அதற்கு முன்னால், உண்மையைச் சொல்லப்போனால், ஏன் கறுவாவை அப்படிப் பழக்குகிறேன் என்று நானே என்னைக் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். எதிர்மலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. றிஸாத் சேர் மைதானத்தின் அந்தக் கோடியில் குட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தர்மிளா இந்தக் கோடியில் கறுவாவை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே ஓட்டினாள். முழங்கை மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது, அது அவளுக்கு எப்போதும் உள்ள குறை. நான் மூங்கிலைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு உங்கள் ஆட்களிடம், தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன், குதிரை முட்டி மூங்கில் விழுந்திருக்கும் என்று சொன்னேன். அது பொய். மூங்கிலை நான்தான் எடுத்தேன். பிறகு தவிட்டு வாளியைத் தட்டினேன்.

அழகமுத்து மாமா தட்டுவதுபோல் தட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் நிறுத்தாமல் தட்டுவார். ஆனால் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு.

றிஸாத் சேர் கத்தினார். குட்டிப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். கறுவா திரும்பிவிட்டாள். தர்மிளாவுக்கு இறங்க நேரம் இருந்தது, மிஸ், தாராளமாக இருந்தது. அவளைப்போல் ஓடுகிற குதிரையிலிருந்து இறங்கத் தெரிந்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை. பிறகு லாயத்துப் பக்கம் பார்த்தாள். நான் வாசலில், மூங்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அவ்வளவு நாளும் நான் பேசாமல் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டாள். எங்கள் விளையாட்டில் அதுதான் விதி, இழுக்கக் கூடாது. குதிரைமேல் குனிந்துகூட வரவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"போட்டுராதடி, கிட்ட வரட்டும்!" என்று கத்தினாள். கிட்டே வந்ததும், "இப்ப போடு சுகந்தி" என்றாள்.

நான் போடவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்து கறுவாவுக்கு வழிவிட்டேன். கறுவா நேராகத் தொட்டிக்குப் போய்த் தவிடு தின்றாள், சேணம் காலியாக இருந்தது. தர்மிளா வாசலுக்கு வெளியே கிடந்தாள். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டேன். றிஸாத் சேர் ஓடிவரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நேற்று வந்திருந்தாள். அந்த நேரம் உனக்கு அது வந்திருக்கும், கை அசையாமல் போயிருக்கும், அப்படியே சொல்லிவிடு, டாக்டரும் எழுதித் தருவார் என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை நான் சொல்லமாட்டேன், மிஸ். அன்றைக்கு எனக்கு எதுவும் வரவில்லை. ஒரு கணம்கூட வரவில்லை. அவள் முழங்கை வெளியே நின்றதுவரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கை நடுங்கவும் இல்லை. அழகமுத்து மாமாவைப் பற்றிச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் இதை விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி, ஒரு பிரதியை றிஸாத் சேருக்குக் காட்டுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை, குதிரை ஏற எனக்குத் தகுதி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.